பழியைத் தாங்கும் மேலாளர்: தும்பா தரும் பாடம்

மேலாளர் எப்படி இருந்தால் ஆட்கள் நன்றாக வேலை செய்வார்கள் என்ற பேச்சு வந்தாலே, அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்ன ஒரு சம்பவமும் கூடவே வந்துவிடும். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். ஆனால் செய்தியாளர்களிடம் பொறுப்பேற்றுப் பேசியவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அடுத்த ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்ததும், செய்தியாளர் சந்திப்பைத் தவான் கலாமிடம் விட்டார்.

பழி தனக்கு, புகழ் குழுவுக்கு. இந்த வழக்கத்தால் வேலை உண்மையிலேயே மேம்படுகிறதா?

மேம்படுகிறது என்பதற்குத் திருவனந்தபுரமே சான்று. அந்த ராக்கெட் உருவானது அந்நகரின் தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில். எரிபொருள், கட்டுப்பாடு, மின்னணுவியல் என்று பல பிரிவுகள் சேர்ந்து செய்த வேலை அது. அப்படிப்பட்ட இடத்தில் தோல்வி வந்தால், ஒவ்வொரு பிரிவும் அடுத்த பிரிவைக் கைகாட்டுவது இயல்பு. வெளியிலிருந்து வரும் அடியைத் தலைவர் வாங்கிக்கொண்டதால், உள்ளே இருந்தவர்களால் காரணத்தைத் தேட முடிந்தது. இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல் நைட்ரிக் அமிலம் கசிந்தது தெரியவந்தது. பதினோரு மாதத்தில் வெற்றி.

ஹார்வர்டு ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் கண்டதும் இதையொட்டியதே. நன்றாக இயங்கிய செவிலியர் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறை ஒளிக்க வேண்டிய அச்சம் குறைவு.

குறைகளும் இதே எஸ்.எல்.வி-3 கதையில் இருக்கின்றன. 1979இல் ஏவுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் கணினி நிறுத்தச் சொன்னது. நிபுணர்கள் கவலை வேண்டாம் என்றார்கள். ஏவலாம் என்று தாம் முடிவெடுத்ததாகக் கலாமே சொல்லியிருக்கிறார். பின்னால் பழியை ஏற்கும் பெருந்தன்மை, முன்னால் ‘நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரத்துக்கு ஈடாகாது. தலைவரின் குணத்தைப் பாடும் மேடைகளில் இந்தப் பகுதி போதிய கவனம் பெறுவதில்லை.

இந்தப் பணிப் பண்பாடு மட்டுமே பலனை உறுதி செய்வதும் இல்லை. 1981 மே மாதம் அடுத்த எஸ்.எல்.வி-3 செயற்கைக்கோளைத் தாழ்ந்த பாதையில்தான் விட்டது. அதன்பின் வந்த ஏ.எஸ்.எல்.வி. ராக்கெட் 1987, 1988 என அடுத்தடுத்து இருமுறை தோற்றது.

மிகப் பெரிய குறை, இந்த வழக்கத்தைத் தனிமனித நற்குணமாக மட்டும் பார்ப்பது. தவானால் பழியைத் தாங்க முடிந்ததற்கு, விண்வெளித் துறை நேரடியாகப் பிரதமரின் பொறுப்பில் இருந்ததும், தோல்விக்குப் பிறகும் அரசு அத்திட்டத்தைக் கைவிடாததும் காரணம். இதே திருவனந்தபுரத்தில் 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்கில், வாடிக்கையாளரின் கெடுவுக்குள் மென்பொருள் முடித்துத் தரவேண்டிய புராஜெக்ட் மேனேஜருக்கு அந்தக் காப்பு கிடைப்பது அரிது. குழுவின் பிழையைத் தன்மேல் ஏற்றுக்கொண்டால் போவது அவருடைய அப்ரைசல். மேலே இருப்பவர் தாங்காதபோது, நடுவில் நிற்பவரால் வெகுகாலம் தாங்க முடியாது.

ஆகவே தவானைப் போல் இருங்கள் என்று மேலாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தும் நிறுவனங்கள் முதலில் தங்கள் விதிகளைத் திருத்த வேண்டும். பிழை பற்றிய விசாரணையை அப்ரைசலிலிருந்து பிரிக்க வேண்டும். வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை கீழ்மட்டப் பொறியாளருக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். விசாரணையில் கண்டது அடுத்த குழுவின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இவை மூன்றும் மேலாளரின் மனசைப் பொறுத்தவை அல்ல. நிர்வாகம் முடிவெடுத்தால் இந்த ஆண்டே செய்யக்கூடியவை.