பாத்திரமேற்கும் விளையாட்டுகளில் தொடக்கத் தாமதம்: ஒரு நோக்கு

கதை மெல்லத் தொடங்குவது தன்னளவில் குறையாகாது. புதினம் வாசிப்பவர் சலிப்புற்றால் நான்கு பக்கங்களைப் புரட்டிவிட்டு மேலே செல்லலாம். பாத்திரமேற்கும் வீடியோ விளையாட்டில் ஆட்டக்காரருக்கு அவ்வுரிமை பெரும்பாலும் இல்லை. கதைத்தலைவனை அவரே அடியடியாக நடத்திச் செல்லவேண்டும். ஆகவே இவ்வகைப் படைப்பில் தாமதத்தை நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது எனக் கருதுகிறோம்.

யூஜி ஹோரியின் கதையமைப்பில் 2000ஆம் ஆண்டு ஜப்பானில் பிளேஸ்டேஷன் கருவிக்கென வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' ஏழாம் பாகம் இதற்குத் தக்க சான்று. உலகில் ஒரே ஒரு தீவுதான் உள்ளது. அங்கே ஒரு மீனவன் மகனும், அமைதியான வாழ்வில் சலிப்புற்ற இளவரசன் கீஃபரும் பழைய இடிபாடுகளில் கற்பலகைத் துண்டுகளைப் பொருத்தி, மறைந்துபோன நிலங்களின் கடந்த காலத்திற்குச் செல்கின்றனர். முதற் சண்டையே அதன் பின்னர்தான். அதற்கு மணிக்கணக்கில் காத்திருக்கவேண்டும். தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்னும் வைப்பு முறையை இங்கு நினைவுகூரலாம். நிலம் மனத்தில் ஊன்றிய பின்னரே உணர்ச்சி பிறக்கிறது. கடலில் வேறு நிலமே இல்லை என்பதை நெடுநேரம் உணர்ந்தவருக்கே, பின்னர் ஒவ்வொரு தீவாக மீண்டெழுவது வியப்பளிக்கும். கீஃபர் கடந்த காலத்திலேயே தங்கிவிடும்போது அப்பிரிவு வலிப்பதும் இத்தொடக்கத்தால்தான். (ஆற்றல் தரும் அரிய விதைகளை அவனுக்கு ஊட்டி வளர்த்தோரின் ஏமாற்றம் தனிக்கதை!)

எனினும் இடிபாடுகளில் அடுக்கப்பட்ட புதிர்கள் நிலத்தையும் காட்டவில்லை, நட்பையும் வளர்க்கவில்லை. 2013ஆம் ஆண்டு நிண்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கு வந்த மறுவாக்கம் இத்தொடக்கத்தைச் சுருக்கியது. புதிர்களைக் குறைத்தது சரியே. ஊரில் கழியும் பொழுதைக் குறைத்திருந்தால் அதனை நாம் ஏற்றிருக்கமாட்டோம்.

2005ஆம் ஆண்டின் 'கிங்டம் ஹார்ட்ஸ்' இரண்டாம் பாகம் இன்னும் துணிவானது. முதற்பாகத்தின் தலைவன் சோராவைத் தேடி வந்தவரிடம் ரோக்சஸ் என்னும் அறிமுகமற்ற சிறுவனின் விடுமுறை நாள்கள் ஒப்படைக்கப்படுகின்றன. சில்லறை வேலை செய்து பணம் சேர்ப்பதுகூட அவற்றில் அடங்கும். அவன் இறுதியில் சோராவுள் கரைந்து மறைகிறான். இழப்பின் கனத்திற்கு அச்சிறு வேலைகள் தேவைதாம். அவற்றின் நீளம் தேவைதானா என்பது ஐயத்திற்குரியது.

இவற்றுக்கு மாறாக, 2009ஆம் ஆண்டின் 'ஃபைனல் ஃபேண்டசி' பதின்மூன்றாம் பாகம் ஓடும் இரயிலில் சண்டையுடன் விரைந்து தொடங்குகிறது. ஆயினும் சண்டை முறையின் உயிரான பங்கு மாற்றம் மூன்றாம் இயலில்தான் கிட்டுகிறது. குறுகிய பாதை விட்டுப் பரந்த வெளியில் காலூன்றப் பதினோராம் இயல்வரை பொறுக்கவேண்டும். சண்டையே இல்லாத டிராகன் குவெஸ்ட் தீவிலோ, மீனவர் குப்பத்திற்கும் அரண்மனைக்கும் இடையே ஆட்டக்காரர் முதலிலேயே தம் விருப்பப்படி உலவலாம்.