யாருடைய கூரை?

இலங்கையின் நவீன கட்டடக்கலையைப் பற்றி எழுதுவோர் ஜெப்ரி பாவா (1919–2003) என்னும் ஒரு பெயரோடு நின்றுவிடுகின்றனர். தனிமனித மேதைமையையே வரலாற்றின் உந்துவிசையாகக் காணும் இந்நோக்கு, அவர் பணியாற்றிய எட்வேட்ஸ், றீட் அன்ட் பெக் நிறுவனத்தின் கதையை மறைத்துவிடுகின்றது. 1923இல், குடியேற்ற ஆட்சிக்காலக் கொழும்பில் தோன்றியது அந்நிறுவனம். 1950களின் இறுதியில் பாவாவும் டென்மார்க் நாட்டவரான உல்ரிக் பிளெஸ்னரும் சேர்ந்த பின்னரே அதன் போக்கு மாறிற்று. 1967இல் பிளெஸ்னர் விலக, பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம் பங்காளரானார். வரைந்த கோட்டை நிற்கும் சுவராக்கிய இத்தமிழரின் பெயரை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

அந்நிறுவனத்தின் 'மண்மணம்' வெறும் அழகுணர்ச்சியில் முளைத்ததன்று. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றி, உருக்கும் கண்ணாடியும் இறக்குமதியாவது அரிதாயிற்று. கல், மரம், செங்கல், சுண்ணாம்பு, நாட்டு ஓடு ஆகியவற்றை நாடவேண்டிய கட்டாயம் எழுந்தது. 1962இல் நிறைவுற்ற ஏனா டி சில்வாவின் கொழும்பு இல்லம், நடு முற்றத்தைச் சூழ்ந்து, ஏறக்குறைய முற்றிலும் உள்நாட்டுப் பொருள்களாலேயே எழுந்தது. நெளிவுள்ள அஸ்பெஸ்டஸ் தகட்டின் மீது அரைவட்ட ஓட்டைப் பரப்பும் உத்தியும் இக்காலத்ததே. கீழே உள்ள தகடு மழையைத் தடுக்கும். மேலுள்ள ஓடு வெயிலைத் தாங்கும். இல்லாமை கற்பித்த பாடம் எனினும், அதைக் கற்றுக்கொண்டது பெருமைக்குரியதே. இதில் நமக்கு ஐயமில்லை.

ஆயின் அந்தக் கூரையின் கீழ் வாழ்ந்தவர் யார்? கொழும்பின் செல்வர், 1960களின் இறுதியிலிருந்து பெந்தோட்டை விடுதிக்கு வந்த வெளிநாட்டார். 1977இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1979இல் கோட்டேயில் பாராளுமன்ற வளாகப் பணி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. யப்பானிய மிற்சுயி கம்பனி கட்ட, செப்புத் தகடு வேய்ந்த கூரைகளுடன் 1982இல் அது திறக்கப்பட்டது. சாய்ந்த கூரையின் உருவம் எஞ்சியது. அதைப் பெற்றெடுத்த சிக்கனம் அகன்றது. விமரிசகர் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குகின்றனர்.

'பிராந்தியக் கட்டடக்கலை' எனப் புகழப்படும் இம்மரபு, மன்னார்த் தீவின் தோட்டவெளியைத் தன் பிராந்தியத்துள் சேர்த்துக்கொண்டதா? மணலும் பனையும் உப்புக்காற்றும் நிறைந்த இக்கரையில் பனையோலை வேய்ந்த வீடு, தாழ்வாரம், ஓலை வேலி எனச் சிக்கனமான ஓர் அறிவு தலைமுறைகளாக இருந்தே வந்துள்ளது. அதைப் படிக்க எவரும் வரைபலகையுடன் வந்திலர் என்றே சொல்லவேண்டும்.

வந்தது வேறொன்று. போர் முடிந்து ஏழாண்டுகளின் பின், 2016இல், வடக்கு கிழக்கிற்கு 65,000 உருக்கு வீடுகள் என்னும் அரசுத் திட்டம் வந்தது. உள்ளூர்க் கட்டடக்கலைஞரும் பொறியியலாளரும் அதை எதிர்த்தனர். வெயிலில் அவ்வீடு காயும், கடற்காற்றில் துருப்பிடிக்கும், நம் மேசன்மாருக்கும் தச்சருக்கும் வேலை தராது என்று எடுத்துரைத்தனர். திட்டம் அவ்வடிவில் நிறைவேறவில்லை. பாவாவின் நிறுவனம் 1960களில் கேட்ட அதே கேள்வியைத்தான் அவர்கள் கேட்டனர்: இங்குள்ள பொருளால், இங்குள்ள கைகளால் எதைக் கட்டலாம்?

அந்நிறுவனத்தின் வரலாற்றிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. ஹன்வெல்லையில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய பெண்பிள்ளைகளின் பண்ணைப் பள்ளியை அது 1960களில் வடிவமைத்தது. பளபளப்பான படநூல்களில் விடுதிகளுக்குப் பக்கம் பக்கமாய் இடம். இந்தப் பள்ளிக்கோ சில பக்கங்களே. கட்டடக்கலை பயிலும் நம் மாணவர் முதலில் திறக்கவேண்டியவை அப்பக்கங்கள்தாம்.