எழுபது வாரங்களும் ஆண்டுக் கணக்கும்

தானியேலின் புத்தகம் 9ஆம் அதிகாரத்தில் வரும் எழுபது வாரங்களை ஆண்டுகளாக மாற்றிக் கணக்கிடும் வியாக்கியானம் நம் சபைகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அதனை முற்றும் தள்ளுவது நம் நோக்கமன்று. மூலம் அதனை எதுவரை தாங்குகிறது என்பதே நம் கேள்வி.

தமிழில் 'வாரம்' எனப் பெயர்க்கப்பட்ட எபிரேயச் சொல் 'ஏழின் தொகுதி' என்றே பொருள்படும். 10:2இல் மூன்று வாரங்களைக் கூறுமிடத்து மூலம் 'நாட்கள்' என்னும் சொல்லை உடன் சேர்க்கிறது; 9ஆம் அதிகாரத்தில் அச்சொல் இல்லை. அவ்வதிகாரம் எரேமியா உரைத்த எழுபது ஆண்டுகளை எண்ணியே தொடங்குகிறது. லேவியராகமம் 25:8உம் ஆண்டுகளை ஏழேழாகத் தொகுக்கிறது. ஆகவே 490 ஆண்டுகள் என்று கொள்வதற்குத் தக்க ஆதாரமுண்டு.

ஆனால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சர் ராபர்ட் ஆண்டர்சன் என்பார் இதனோடு அமையவில்லை. 69 வாரங்களை 483 ஆண்டுகளாக்கி, ஆண்டொன்றுக்கு 360 நாட்கள் வீதம் 1,73,880 நாட்கள் எனக் கணித்தார். கி.மு. 445 மார்ச் 14 முதல் கி.பி. 32 ஏப்ரல் 6 வரை அத்தொகை நாள் பிசகாது பொருந்துவதாகவும் வாதித்தார்.

இக்கணக்கின் அடித்தளம் உறுதியானதா? நெகேமியா 2:1 நிசான் மாதத்தைக் கூறுகிறதேயன்றி நாளைக் கூறவில்லை. தேதிகள் ஜூலியன் நாட்காட்டிக்குரியவை. அதன்படி 476 ஆண்டுகளில் மிகுநாட்கள் 119. அவரோ 116 என்றே கொண்டார். எல்லாவற்றிற்கும் மேலாக, 360 நாள் ஆண்டு தொடர்ந்து வழங்கியிருப்பின் நிசான் மாதம் பருவந்தோறும் அலைந்திருக்கும். 483 ஆண்டுகளில் ஏறக்குறைய ஏழாண்டுகள் முந்தியிருக்கும்.

சென்னையில் வாழும் நமக்கு இது விளங்காததன்று. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நம் அயலாராகிய தெலுங்கர் சந்திரமானப்படி யுகாதி கொண்டாடுகின்றனர். பன்னிரு சந்திர மாதங்கள் ஏறக்குறைய 354 நாட்களே. ஆயினும் அப்பண்டிகை மார்ச், ஏப்ரல் மாதங்களை விட்டு விலகுவதில்லை. இடையிடையே அதிகமாசம் சேர்க்கப்படுகிறது. யூதரும் அவ்வாறே ஒரு மாதத்தைக் கூட்டிப் பஸ்காவை வசந்தகாலத்தில் நிலைநிறுத்தினர்.

இது வெறும் எண் வாதமன்று. அமெரிக்கப் போதகர் வில்லியம் மில்லர், எழுபது வாரங்களையும் தானியேல் 8:14இன் 2300 நாட்களையும் கி.மு. 457இலிருந்து ஒருங்கே எண்ணினார். அவ்வியக்கத்தார் இறுதியில் 1844 அக்டோபர் 22ஐ ஆண்டவர் வருகையின் நாளெனக் குறித்தனர். பயிரை அறுவடை செய்யாது விட்டவர்களும் உண்டு. அந்நாள் கடந்தது, பலருடைய விசுவாசம் தளர்ந்தது.

தானியேல் கணிதம் கேட்கவில்லை. இரட்டுடுத்திச் சாம்பலில் உட்கார்ந்து தன் ஜனத்தின் பாவத்தை அறிக்கையிட்டான். அவ்விண்ணப்பத்திற்கு மறுமொழியாகவே எழுபது வாரங்கள் அருளப்பட்டன. ஜெபமாகிய முதல் பத்தொன்பது வசனங்களை விட்டு, இறுதி நான்கு வசனங்களை மட்டும் கரும்பலகையில் எழுதிக் கூட்டிக் கழிக்கும் போதகர், சபையின் நம்பிக்கையைத் தம் கணக்கின் மேல் கட்டுகிறார். கணக்குப் பிழைத்தால் சரிவது அவருடைய கணக்கு மட்டுமன்று.