181 விண்ணப்பங்கள், ஒரு பெண்கூட இல்லை

2006-ல் கூகுள் சம்மர் ஆஃப் கோடு வழியாக ஜினோம் திட்டத்துக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. பெண்களிடமிருந்து ஒன்றுகூட இல்லை. ஜினோம்காரர்கள் அதேபோல இன்னொரு கோடைத் திட்டத்தைப் பெண்களுக்கென்றே அறிவித்தார்கள். வழிகாட்ட ஆள் இருக்கும், கற்றுக்கொண்டே செய்யலாம் என்பதை அறிவிப்பில் அழுத்திச் சொன்னார்கள். மூன்று இடங்களுக்கு நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். கடைசியில் இடங்களை ஆறாக்க வேண்டி வந்தது.

"பொண்ணுங்க அப்ளையே பண்றதில்லைங்க, நாங்க என்ன செய்றது?" இந்தத் துறைக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிற வாக்கியம் இது. நேர்காணல் எடுக்கும் பக்கம் உட்கார்ந்தபோது நானும் சொல்லியிருக்கிறேன். ஜினோம் கதையை ரொம்பத் தாமதமாகத்தான் படித்தேன். வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதற்கு நம் அழைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அதற்கு முன் எனக்குத் தோன்றியதே இல்லை.

திறந்த மூல மென்பொருள் உலகம் இதிலிருந்து கற்றுக்கொண்டது கொஞ்சம்தான் என்பது என் புகார். அழைப்பைத் திருத்துவதைவிட நடத்தை விதிகள் எழுதுவதிலும் அதைப் பற்றிச் சண்டை போடுவதிலும்தான் சக்தி அதிகம் செலவாச்சு. லினக்ஸ் கெர்னல் 2018 செப்டம்பரில் கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற பொது விதித்தொகுப்பை எடுத்துக்கொண்டது. கொரலைன் அடா எம்கி 2014-ல் எழுதியது அது. அதே சமயத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் காரமான மின்னஞ்சல்களுக்கு மன்னிப்புக் கேட்டு, சில வாரம் ஒதுங்கி நின்றார். இணையம் முழுக்க ஒரே ரகளை.

எனக்கு விதிகள்மேல் விரோதம் இல்லை. முதல் பேட்சுக்கே நாலு வரி வசவு வாங்கியவர் மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். ஆனால் உள்ளே வந்துவிட்டவர்கள் எப்படிப் பேசிக்கொள்ளணும் என்பதைத்தான் விதி சொல்லும். வாசல் எங்கே, அங்கே போக பஸ் இருக்கா என்று அது சொல்லாது. கிட்ஹப் 2017-ல் நடத்திய கணக்கெடுப்பில் 95 சதவீதம் பேர் ஆண்கள், 3 சதவீதம் பெண்கள். தங்கள் ஆங்கிலம் மிக நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாதவர்கள் ஏறக்குறைய கால்வாசி. இதெல்லாம் உள்ளே வந்தவர்களின் கணக்கு. ஆங்கிலத்துக்குப் பயந்து வராமலே போனவர் எந்தக் கணக்கெடுப்பிலும் சிக்க மாட்டார்.

அந்தக் கான்ட்ரிபியூட்டர் கவனன்டின் 2.1 பதிப்பில் சாதி என்ற சொல் சேர்ந்தது. லினக்ஸ் எடுத்துக்கொண்ட 1.4-ல் அது இல்லை. பட்டியலில் அந்த ஒரு சொல்லைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தேன். நம்ம ஊர்க்காரர் ஒருவர் இன்னொருவரிடம் "ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" என்று கேட்டால், பெர்லினில் உட்கார்ந்து புகாரைப் படிக்கிற ஒருவருக்கு அது நலம் விசாரிப்பு. கேட்கப்பட்டவருக்குத் தெரியும் அது என்ன கேள்வி என்று.

அந்த ஜினோம் முயற்சி 2010-ல் மீண்டும் ஆரம்பித்து, 2015-ல் அவுட்ரீச்சி என்ற பெயரில் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சியின் கீழ் வந்தது. என் கணக்கில் இந்த வகை முயற்சிகளில் உருப்படியானது இதுதான். காரணம் எளிது: காசு கொடுக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு 7,000 டாலர், நைரோபியில் இருந்தாலும் நியூயார்க்கில் இருந்தாலும் அதே தொகை. கூகுள் சம்மர் ஆஃப் கோடும் 2016 வரை எல்லோருக்கும் ஒரே தொகைதான் கொடுத்தது. 2017-ல் நாட்டுக்கு நாடு வாங்கும் சக்தியைப் பார்த்து 2,400 டாலரிலிருந்து 6,600 வரை என்று பிரித்தார்கள். இந்தியாவுக்குக் கீழ்ப்படி. பொருளாதாரமாக அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதே பேட்ச், அதே ரிவ்யூ. லேப்டாப் விற்கிறவர் என் வாங்கும் சக்தியைப் பார்த்து விலை போடுவதில்லை.

அவுட்ரீச்சியிலும் எனக்கு இரண்டு உறுத்தல்கள் உண்டு. விண்ணப்பத்தில், நீ என்ன பாகுபாட்டைச் சந்தித்தாய் என்று கட்டுரையாக எழுதச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, வீட்டில் முதல் பட்டதாரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வியோடு வந்தாள்.

"சார், இதுல சாதிய எழுதணுமா?"

"உனக்கு எழுதணும்னு தோணினா எழுதும்மா."

"யார் படிப்பாங்க?"

நடத்துறவங்க மட்டும்தான் என்றேன். எழுதினாள். நான் இலக்கணம் திருத்த ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். ஒருவர் பட்டதற்கு ஆர்டிகிள் சரியா என்று பார்ப்பது அசிங்கமாக இருந்தது. கடைசியில் அந்தப் பத்தியை அவளே அழித்துவிட்டாள். பெண்கள் ஹாஸ்டல் கேட்டை ஆறு மணிக்குப் பூட்டுவதையும், லேப் எட்டு மணி வரை பையன்களுக்கு மட்டும் திறந்திருப்பதையும் பற்றிய பத்தியை விட்டுவைத்தாள். கேட்காமல் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நடத்துபவர்கள் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனாலும் கதவைத் திறக்க முதல் கட்டணமாக வலியைக் கேட்பது எனக்கு ஒட்டவில்லை.

இரண்டாவது உறுத்தல், முதல் கட்டம் தாண்டியதும் சுமார் ஒரு மாதம் சம்பளமில்லாமல் பங்களித்துக் காட்ட வேண்டும் என்பது. அவள் தாண்டினாள். அந்த மாதம் கல்லூரியில் இன்டர்னல் தேர்வுகள், ஆறு மணிக்கு மேல் மொபைல் டேட்டா. இரண்டு பேட்ச் அனுப்பினாள். ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்னொன்றை இதுவரை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. தேர்வுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

அடுத்த சுற்றுக்கு எழுதுகிறாயா என்று போன வாரம் கேட்டேன். அந்தக் கட்டுரைக் கேள்வி இன்னும் இருக்கா சார் என்று கேட்டாள்.