நாளுக்கு ஆறு ரூபா

ஆறு கிழமையாக வங்கி அட்டையை எடுக்காமலே, போன் கணக்கால் இணையத்தில் சின்னச் சின்னதாக வாங்கிப் பார்க்கிறேன். எனக்கு மாத பில் வரும் சிம், அம்மாவுக்கு ரீலோட் சிம். பிளே ஸ்டோரில் காசு கட்டும் முறைக்குள் போய்ச் சிம் நிறுவனத்தைத் தெரிவு செய்தால் சரி. எனக்கு பில்லோடு சேரும், அம்மாவுக்கு அந்த இடத்திலேயே கழியும். 2012 இல் டயலொக் கொண்டுவந்த ஈசி கேஷ் மாதிரித் தனிக் கணக்குத் திறந்து காசு போடத் தேவையில்லை.

அம்மாவிடம் வங்கி அட்டை இல்லை. கொக்குவில் இரகுநாதையர் பஞ்சாங்கம் தலைமாட்டில் இருந்தாலும், போனிலும் ஒரு பஞ்சாங்கச் செயலி வைத்திருக்கிறார். ராகு காலம் பார்க்கப் போனால் விளம்பரம் வந்து மறைக்கும். தட்டாதெருச் சந்திக் கடையில் போட்ட ரீலோட்டில் விளம்பரமில்லாத பதிப்பை வாங்கிக் கொடுத்தேன். "இவ்வளவும்தானோ?" என்று கேட்டார். அட்டை இல்லாத வீட்டுக்கு இதைவிட வசதி வேறில்லை என்று எனக்கும் பட்டது.

மூன்றாம் கிழமை, "தம்பி, நான் ஒருத்தருக்கும் எடுக்கேல்லை, காசு குறையுது" என்றார். பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்: திங்கள் 96, செவ்வாய் 90, புதன் 84.

பிளே ஸ்டோரில் தேடினேன், ஒன்றுமில்லை. கழிந்தது சிம் நிறுவனமே நடத்தும் ராசிபலன் சேவைக்கு. திரையில் திடீரென்று வந்த பெட்டியைப் போக்காட்ட அம்மா 'ஓகே'யை அமத்தியிருக்கிறார். சேர்ந்துவிட்டீர்கள் என்ற செய்தி ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. நிறுத்துவதற்கு அனுப்ப வேண்டிய சொல்லும் அதே செய்தியின் கடைசி வரியில். தமிழ் மட்டும் வாசிக்கும் அம்மா அதை அப்போதே அழித்துவிட்டார். நான் சிம் நிறுவனத்துக்கு எடுத்து இருபது நிமிடம் காத்திருந்துதான் நிறுத்த முடிந்தது. போன காசு போனதுதான் என்றார்கள்.

எனக்கு ஆறாத கோபம் இதில்தான். பிளே ஸ்டோரில் வாங்கினால் விரலடையாளம் கேட்க வைக்கலாம், வாங்கியதெல்லாம் ஒரே பட்டியலில் நிற்கும், 48 மணித்தியாலத்துக்குள் காசைத் திருப்பிக் கேட்கலாம். செயலியை அழித்தாலும் சந்தா நிற்காது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. சிம் நிறுவனம் நேரே விற்கும்போது விற்பவரும் கல்லாவில் இருப்பவரும் ஒருவரே. இரண்டும் வேறாகவும் இருக்கலாம்: ஜப்பானில் 1999 இல் ஐ-மோட் என்ற போன் இணையச் சேவை தொடங்கியபோது டொகோமோ நிறுவனம் வெளியார் சேவைகளுக்கான காசைத் தன் பில்லில் வசூலித்து, 9 சதவீதம் மட்டும் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவிலோ கேளாத சந்தாக்களை பில்லில் ஏற்றிய வழக்கில் 2014 இல் ஏடி அண்ட் டி என்ற போன் நிறுவனம் 10.5 கோடி டொலர் கட்ட ஒப்புக்கொண்டது. அங்கேயும் மாதம் பத்து டொலர் அளவில்தான் கழிந்தது. சின்னத் தொகை என்பதால்தான் ஆட்கள் கவனிக்கவில்லை.

சேரும் செய்தி தமிழில் வர வேண்டும். 'ஓம்' என்று பதில் அனுப்பினால்தான் காசு கழிய வேண்டும். இந்த இரண்டும் இல்லாத சிம்மை அம்மாமாரின் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

என் சிம்மில் பிளே ஸ்டோருக்குப் போன் கணக்கால் கட்டுவதைத் தொடர்வேன். அம்மாவின் சிம்மில் நிறுவனம் நேரே விற்கும் சேவைகள் எல்லாவற்றையும் மறிக்கச் சொல்லியிருக்கிறேன். திரும்பவும் கழிந்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 1900 க்கு எடுப்பேன். அந்த இலக்கத்தையும் அம்மா பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.