பயனர் சரிபார்ப்பு: கடவுச்சொல் முதல் கைரேகை வரை – செந்துறையை முன்வைத்து ஒரு திறனாய்வு

பயனர் சரிபார்ப்பு என்பது, ஓர் இணையச் செயலியை அணுகுபவர் தாம் சொல்லிக்கொள்ளும் அதே ஆள்தானா என்று உறுதிசெய்யும் வழிமுறையாகும். கணினிப் பாடங்களில் இது பெரும்பாலும் நிரல் எழுதும் பயிற்சியாகவே கற்பிக்கப்படுகிறது. ஒரு பதிவுப் படிவம், ஓர் உள்நுழைவுப் படிவம், தரவுத்தளத்தில் ஒரு பயனர் அட்டவணை ஆகியவற்றோடு பாடம் முடிந்துவிடும். அரியலூர் மாவட்டம் செந்துறை போன்ற ஊர்களில் இதே வழிமுறை நியாயவிலைக் கடை அரிசிக்கும் வருவாய்த்துறைச் சான்றிதழுக்கும் முன்னால் நிற்கிறது. அங்கே அது தவறும்போது என்ன நடக்கிறது என்பதைக் கொண்டே அதன் வடிவமைப்பை மதிப்பிட வேண்டும்.

தொழில்நுட்பப் பின்னணி

கணினியில் கடவுச்சொல்லைப் பயன்படுத்தும் வழக்கம் 1960களின் தொடக்கத்தில் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கொர்பட்டோ தலைமையில் உருவான காலப்பகிர்வு முறைமையில் தோன்றியது. அந்த முறைமையிலேயே ஒருமுறை கடவுச்சொல் கோப்பும் வரவேற்புச் செய்திக் கோப்பும் இடம்மாறி, உள்நுழைந்த எல்லோருக்கும் அனைவரின் கடவுச்சொற்களும் காட்டப்பட்டன. கடவுச்சொல்லை அப்படியே சேமித்து வைக்கக்கூடாது என்பது அதிலிருந்து கிடைத்த பாடம். 1979இல் இராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் எழுதிய ஆய்வுக் கட்டுரை, திரும்ப மீட்க முடியாத வடிவில் கடவுச்சொல்லை மாற்றி, அதனுடன் ஒரு தற்போக்கு எண்ணையும் கலந்து சேமிக்கும் யூனிக்சு முறையை விளக்கியது. 1999இல் வந்த பீகிரிப்ட், 2015இல் கடவுச்சொல் போட்டியில் வென்ற ஆர்கான்2 ஆகியவை அதே வழியில் வந்தவை.

இணையச் செயலியில் மற்றொரு சிக்கலும் உண்டு. எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு நினைவு இல்லை. முந்தைய வேண்டுகோளை அனுப்பியவர் யார் என்பது அடுத்த வேண்டுகோளின்போது வழங்கிக்குத் தெரியாது. எனவே ஒருமுறை உள்நுழைந்தவருக்கு ஓர் அமர்வுச் சீட்டைக் கொடுத்து, அதைக் குக்கியில் வைத்து, ஒவ்வொரு முறையும் சோதிக்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் இன்று ஆயத்தக் கூறுகள் கிடைக்கின்றன. மாணவர் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் உள்நுழைவு வசதியைச் செயலியில் சேர்த்துவிடலாம். விமர்சனத்துக்கு இடம் தருவது அதற்குப் பிந்தைய பகுதிதான்.

மூன்று சான்றுகளும் ஊர்ச் சூழலும்

சரிபார்ப்புக்கான சான்றுகளை மூவகையாகப் பிரிப்பது மரபு: அறிந்தது, வைத்திருப்பது, உடலில் உள்ளது. முதலாவதற்குக் கடவுச்சொல்லும், இரண்டாவதற்குக் கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும், மூன்றாவதற்குக் கைரேகையும் கருவிழியும் எடுத்துக்காட்டுகள். பாடநூலில் இவை ஒரே தரமானவையாகத் தோன்றும். செந்துறையில் அப்படி அல்ல.

கடவுச்சொல் தனக்கென்று ஒரு கருவியும் எழுத்துப் பழக்கமும் உள்ளவருக்கே இரகசியமாக இருக்கும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும் பெரியவருக்குத் தட்டச்சு செய்பவர் வேறொருவர். கடவுச்சொல்லை அமைப்பவரும் நினைவில் வைப்பவரும் அவரே. அங்கே கடவுச்சொல் சரிபார்ப்பது மையப் பணியாளரைத்தான்.

ஒருமுறைக் கடவுச்சொல், கைபேசி எண் ஒருவருக்கே உரியது, அது எப்போதும் அவர் கையில் இருக்கும் என்னும் இரு எண்ணங்களின்மீது நிற்கிறது. திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போன மகனின் எண்ணைப் பதிவில் கொடுத்த தாய்க்கு, அவன் போனை எடுக்கும்வரை அடையாளம் இல்லை. மீள்கட்டணம் செலுத்தாமல் செயலிழந்த எண் மற்றொருவருக்குப் போய்விட்டால், ஓ.டி.பி.யும் அவருக்கே போகும். அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் குறுஞ்செய்தி வழிச் சரிபார்ப்பைக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட முறையாகவே வகைப்படுத்தியது. அடிக்கடி கடவுச்சொல்லை மாற்றச் சொல்வதையும், சிறப்புக் குறியீடுகளைக் கட்டாயமாக்குவதையும் அதே ஆவணம் கைவிடச் சொன்னது. இருந்தும் பல தளங்கள் இன்றும் அவ்விரண்டையும் கேட்கின்றன.

கைரேகை மறக்காது, தொலையாது. ஆனால் தேயும். செந்துறை வட்டாரம் முந்திரி விளையும் செம்மண் பகுதி. முந்திரி ஓட்டிலிருந்து கசியும் எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டோலும் உள்ளன. அவை தோலைப் பொசுக்கி உரிக்கும். கொட்டை உடைப்பவர்களின் விரல்நுனிகளை முதலில் தாக்குவது அதுதான். இதே வட்டத்தில் ஆலத்தியூரிலும் தளவாயிலும் சிமெண்டு ஆலைகள் இருக்கின்றன. சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் வேலை செய்யும் கொத்தனார், சித்தாள் ஆகியோரின் கைகளும் இதற்கு விலக்கல்ல. முதுமையும் ரேகையை மங்கச் செய்யும். உடலுழைப்பு மிகுந்தவரையே அதிகம் தவறவிடும் ஒரு முறை, உடலுழைப்போருக்கான திட்டங்களின் வாயிலில் வைக்கப்பட்டிருப்பது இதன் அடிப்படை முரண்.

நியாயவிலைக் கடை அனுபவம்

தமிழ்நாட்டில் 2017 ஏப்ரலில் மின்னணுக் குடும்ப அட்டைகள் வழங்கத் தொடங்கின. அப்போது அட்டையின் விரைவுக் குறியீட்டை வருடினாலே பொருள் கிடைத்தது. 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது கைரேகைப் பதிவும் வந்தது. இம்மாற்றத்துக்கு ஆதரவான வாதம் வலுவானது. போலி அட்டைகளும், வாங்காதவர் பெயரில் பொருள் எழுதப்படுவதும் உண்மையான குறைகள். கருவி, அக்குறைகளில் ஒரு பகுதியைத் தடுக்கிறது. எடைக் குறைப்பையோ தரக் குறைவையோ அதனால் தடுக்க முடியாது.

இழப்பின் அளவை அரசு ஆவணங்களே காட்டுகின்றன. ஒன்றிய அரசின் 2016–17 பொருளாதார ஆய்வறிக்கை, ஆதார் சரிபார்ப்புத் தோல்வி குறித்த மதிப்பீடுகளாகச் சார்க்கண்டுக்கு 49 விழுக்காட்டையும், இராசத்தானுக்கு 37 விழுக்காட்டையும், குசராத்துக்கு 6 விழுக்காட்டையும் எடுத்துக்காட்டியது. ஒரே தொழில்நுட்பம் இடத்துக்கு இடம் இவ்வளவு வேறுபட்டால், விரலோடு சேர்த்து இணைப்பும், கருவியும், பதிவின் தரமும் சோதிக்கப்படுகின்றன என்று பொருள்.

விமர்சனம்

முதல் குறை, இரண்டு கேள்விகளை ஒன்றாக்கியது. ‘இவர் யார்?’ என்பது சரிபார்ப்பு. ‘இவருக்கு என்ன உரிமை?’ என்பது அனுமதி. நிரலாளர்கள் இவ்விரண்டையும் தனித்தனியே எழுதக் கற்கிறார்கள். குடும்ப அட்டை உரிமையைத் தருகிறது. கைரேகை அந்த உரிமையைக் கோருபவரை அடையாளம் காண்கிறது. அடையாளம் காண்பதில் ஏற்படும் தோல்வி உரிமையின் மறுப்பாக மாறுவது வடிவமைப்புப் பிழை.

இரண்டாம் குறை, தவறுகளைக் கணக்கிடும் விதம். தவறான ஆளை ஏற்பது ஒரு பிழை, சரியான ஆளை மறுப்பது மற்றொரு பிழை. முதலாவதன் இழப்பு நிறுவனத்துக்கு. அதனால் அது எண்ணப்படுகிறது. இரண்டாவதன் இழப்பு வரிசையில் நின்றவருக்கு. அரைநாள் கூலியை விட்டு வந்து, நாலு முறை விரலை வைத்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புபவரின் இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

மூன்றாம் குறை, மீட்பு வழி. எந்தச் செயலியிலும் ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்’ என்னும் பக்கமே உண்மையான பாதுகாப்பின் அளவு. கைரேகை பொருந்தாவிட்டால் ஓ.டி.பி., ஓ.டி.பி.க்குரிய எண் மாறியிருந்தால் ஆதார் மையம், அங்கே மறுபடியும் கைரேகை என்று பல ஆண்டுகளாகச் சுற்றிவந்த வழி, வழியே இல்லாததற்குச் சமம். கடவுச்சொல் கசிந்தால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது.

மாற்று வழிகள்

இக்குறைகளுக்குத் தீர்வுகள் அறியப்படாதவை அல்ல. ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில், சரிபார்ப்புத் தோல்வியால் யாருக்கும் பொருள் மறுக்கப்படக்கூடாது என்றும் விதிவிலக்கு முறை வேண்டும் என்றும் சுற்றறிக்கை அனுப்பியது. தமிழ்நாட்டில் குடும்பத்தில் யார் வந்தாலும் பொருள் பெறலாம். வர இயலாதவர் மற்றொருவருக்கு அதிகாரம் அளிக்கலாம். கருவிழிக் கருவிகளும் கடைகளுக்கு வந்துள்ளன. 2025 ஆகத்தில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் வீட்டுக்கே பொருள் போகிறது. இவை நல்ல திருத்தங்கள். ஆயினும் விதிவிலக்கு என்பது கடைக்காரரின் மனத்தைப் பொறுத்த சலுகையாக நிற்கும்வரை குறை தீராது. மாற்று வழி நிரலிலேயே எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு மறுப்பும் காரணத்தோடு பதிவாகி, அதன் அச்சுச் சீட்டு மறுக்கப்பட்டவருக்குக் கிடைக்க வேண்டும்.

மதிப்பீடு

உள்நுழைவு வசதியைச் சேர்க்கக் கற்கும் மாணவருக்குப் பாடநூல்கள் தாக்குபவரை மட்டுமே கற்பனை செய்யச் சொல்லித்தருகின்றன. தாக்குபவரைத் தடுப்பது கடமையில் பாதி. உரியவரை உள்ளே விடுவது மறுபாதி. ஒரு சரிபார்ப்பு முறையை ஆய்வகத்தில் சோதிப்பவர், முந்திரி உடைத்த கையையும், மகனிடம் இருக்கும் கைபேசியையும், மழைநாளில் அறுந்துபோகும் இணைப்பையும் சோதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டால்தான் அந்தச் சோதனை முழுமை பெறும்.