அமைதிக்கு ஒரு விலை, இசைக்கு ஒரு விலை

"போஸ் ஹெட்போன் அந்த விலைக்குத் தகுமா?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வெளி இரைச்சலை அது எவ்வளவு அடக்குகிறது? பாட்டை எவ்வளவு உள்ளபடி தருகிறது? விலைச்சீட்டு இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. வாங்குபவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவதில் போஸ் தன் பெயரை உழைத்தே சம்பாதித்தது. எம்.ஐ.டி. பேராசிரியர் அமர் போஸ் 1964-இல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1978-இல் ஒரு விமானப் பயணத்தில், ஹெட்போன் இசையை எஞ்சின் சத்தம் விழுங்குவதைக் கண்டு, இருக்கையிலேயே கணக்குப் போடத் தொடங்கினார். 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட் வந்தது. 2000-இல் பயணிகளுக்கான குயட்கம்ஃபர்ட் வந்தது. மைக் வெளிச்சத்தத்தைப் பிடிக்க, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளிருக்கும் ஸ்பீக்கர் எழுப்பும். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். எஞ்சின், ஏசி போன்ற சீரான தாழ்ந்த முழக்கம் நன்றாகவே அடங்கும். அடுத்த இருக்கைப் பேச்சு அந்த அளவுக்கு அடங்காது. பேருந்திலும் ரயிலிலும் தினமும் போகிறவருக்கு இது பெரிய நிம்மதி. சத்தத்தைக் குறைத்து வைத்தே பாட்டுக் கேட்கலாம், காதுக்கும் நல்லது.

இரண்டாவதில் பெயரை நம்பிப் பணம் கொடுக்கக் காரணமில்லை. 2017-இல் ஒலி ஆய்வாளர் யெருன் பிரேபார்ட் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஆராய்ந்தார். ஒலியின் தன்மைக்கும் விலைக்கும் தொடர்பே தென்படவில்லை. 1994-இல் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும் கண்ணெதிரே வைத்தும் கேட்கச் செய்தார்கள். கண்ணால் பார்த்ததும் மதிப்பெண்கள் மாறின. பெரிய, விலையுயர்ந்த பெட்டிகள் ஏறின, சிறிய மலிவானது இறங்கியது. காது கொடுக்க வேண்டிய தீர்ப்பைக் கண் கொடுத்துவிடுகிறது. விளம்பரம் பேசுவதும் அந்தக் கண்ணிடம்தான். 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்கும் சோனி எம்டிஆர்-7506 ஹெட்போன் இன்றும் சுமார் 100 டாலர்தான். அதில் இரைச்சல் நீக்கமும் இல்லை, புளூடூத்தும் இல்லை. பணம் முழுக்க ஒலிக்கே போகிறது.

ஆகவே பயணத்துக்கு என்றால் போஸுக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. அமைதியான அறையில் கேட்பதற்கு என்றால் அந்த விலை அதிகம். கடையில் போஸையும் வேறொரு ஹெட்போனையும் ஒரே சத்த அளவில் வைத்து, நன்கு பழகிய பாட்டைக் கேளுங்கள். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பது பெரும்பாலும் சிறந்ததாகவே தோன்றும். நிறுவனங்களும் நட்சத்திரங்களின் படத்தோடு ஒலி அளவீடுகளையும் வெளியிட வேண்டும். நல்ல ஒலியைத் தருகிறவர்களுக்கு அதில் இழப்பு எதுவும் இல்லை.